அறுபது பேருக்கு ஒரு படகு

கப்பல் கட்டுமானம் படிக்கும் மாணவர்களுக்கு இறுதியாண்டில் ஒரு வடிவமைப்புப் பணி உண்டு. தேவைகளைச் சொல்லும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. எந்த நீர்வழி, என்ன வேகம், எத்தனை பயணிகள், என்ன எரிபொருள். மிச்சமெல்லாம் மாணவர் பாடு. நான் வகுப்பெடுக்கும் இடத்தில் எண்ணெய்க் கப்பலையும் சரக்குக் கப்பலையும் விட்டுவிட்டு ஆற்றுப் படகைத்தான் கொடுப்பேன். பெரிய கப்பல் என்றால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் அளவுகளை எடுத்து, இங்கே நீட்டி அங்கே குறுக்கி, கணினியில் ஏற்றி, வண்ணப் படமாக அச்சடித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். படகில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. 15 மீட்டர் நீளத்துக்குள் ஒரு பிழை நுழைந்தால் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

கடைசியாகக் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: ஆலப்புழையிலிருந்து நெடுமுடி வழியாகக் குட்டநாட்டுக் கிராமங்களுக்கு, மணிக்கு 12 கிலோமீட்டர், 60 பயணிகள்.

முதல் இரண்டு வரிகளைப் பற்றி மாணவர்கள் ஓயாமல் கேட்டார்கள். ஏன் 12, 20 போனால் என்ன? டீசலா, மின்கலமா? வழியில் பாலங்கள் எத்தனை உயரம்? 60 என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அது கேட்பவரின் விருப்பம், அந்த எண்ணைச் சுற்றிப் படகைக் கட்டுவதுதான் நம் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லித் தருகிறது. எனக்கு அதில்தான் தகராறு. ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது கணக்கின் முதல் வரியில் நிற்க வேண்டிய எண் அல்ல. நீளம், அகலம், எடை, மேல்தட்டு உண்டா இல்லையா, படகுத்துறை எப்படி, அடுத்த படகு எப்போது என்பதையெல்லாம் போட்டுப் புரட்டிய பிறகு கடைசி வரியில் வந்து விழ வேண்டியது அது.

தமிழ்நாட்டு ஆறு ஒன்றைக் கொடுக்காமல் ஏன் குட்டநாடு என்ற கேள்வியும் வந்தது. ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றில் கால அட்டவணை போட்டுப் படகு விட முடியாது. நமக்கென்று இருந்த நீர்வழி பக்கிங்காம் கால்வாய். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு அதில் படகேறிப் போனதைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று எழுதினார். சிற்பம் பார்க்கப் போனவர் மனத்தில் தைத்தது படகைத் தள்ளிக்கொண்டு போன ஆட்களின் பாடு. சென்னைக்குள் அந்தக் கால்வாயின் நெஞ்சில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஆகவே பாடத்துக்குக்கூட நாம் மலை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. கேரளத்தில் அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968இலிருந்து இருக்கிறது. நம் ஊரில் பேருந்து செய்யும் வேலையைக் குட்டநாட்டில் படகு செய்கிறது. பள்ளிப் பிள்ளைகள், செவிலியர், சந்தைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் கிழவர் எல்லாரும் அதில்தான்.

வேகத்தைப் பற்றி அவர்கள் கேட்டதற்குப் பதில் எளிது. ஆழம் குறைந்த நீரில் அலை ஒரு எல்லைக்கு மேல் வேகமாக ஓடாது. 2 மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். ஒன்றரை மீட்டர் என்றால் 14க்கும் குறைவு. படகு அதை நெருங்க நெருங்க, தானே கிளப்பிய அலையின் மேல் ஏறிப் போக வேண்டியதாகிறது. பின்பக்கம் அமிழும், எஞ்சின் உறுமும், எரிபொருள் தீரும், வேகம் மட்டும் ஏறாது. கிளம்பிய அலையோ நேராகக் கரைக்குப் போகும். குட்டநாட்டு வயல்கள் பல கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பவை. ஆற்றுக்கும் நெல்லுக்கும் நடுவே நிற்பது மண்ணும் கல்லுமான வரப்பு. அதைக் கரைத்துவிட்டுப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வதில் யாருக்கும் லாபமில்லை. ஆகாயத்தாமரை சுழலியில் சிக்குவது, பாலத்தின் அடியில் கூரை இடிப்பது எல்லாம் இதைப் போலவே சொன்னால் புரிகிற சங்கதிகள்.

அகலம் அப்படியல்ல. அது கையால் கணக்குப் போட்டாலொழியப் புரியாது.

ஒரு குழு 3 மீட்டர் அகலத்தில் ஒல்லியான அழகான படகு ஒன்றை வரைந்தது. இன்னொன்று 4 மீட்டர். இரண்டும் 15 மீட்டர் நீளம். ஆட்கள் ஏறியபின் ஏறத்தாழ 15 டன். ஒல்லிப் படகு தண்ணீரை நன்றாகக் கிழித்துப் போகும், மின்கலம் சிறிதாக இருந்தால் போதும், செலவு குறையும். வரைபடத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் சாய்ந்த படகை நிமிர்த்தும் திறன் அகலத்தின் மும்மடியாக வளர்கிறது. 3ஐ மூன்று முறை பெருக்கினால் 27. 4ஐப் பெருக்கினால் 64. அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூட்டினோம். பிடிமானம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

சாயும் படகை நிமிர்த்துவது எது என்பதை முதலில் ஒழுங்காகக் கணக்கில் கொண்டுவந்தவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். பூமியின் வடிவத்தை அளந்து வர 1735இல் அன்றைய பெருவுக்குப் புறப்பட்ட குழுவில் ஒருவர். கடலுக்கு எட்டாத ஆண்டிஸ் மலைகளில் அளவெடுத்துத் திரிந்த ஆண்டுகளில் அவர் கப்பலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. 1746இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில்தான் மெட்டாசென்டர் என்ற புள்ளி வருகிறது. படகின் ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போனால் கவிழும். இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தை ஜிஎம் என்பார்கள். படகின் உயிர் அந்தச் சில சென்டிமீட்டரில் இருக்கிறது. நம் ஒல்லிப் படகுக்கு அது அரை மீட்டர் அளவில் வந்தது. அகலப் படகுக்கு இரண்டரை.

அரை மீட்டர் மோசமில்லையே என்று ஒல்லிப் படகுக் குழு வாதாடியது. விதிநூலிலும் அவர்களுக்கு ஆதாரம் இருந்தது. கடலோடும் கப்பல்களுக்குக்கூட 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றுதான் பன்னாட்டு விதி சொல்கிறது. ஆனால் அதே விதியில் பயணிகள் கப்பலுக்குத் தனியாக இன்னொரு பத்தி உண்டு. எல்லாப் பயணிகளும் ஒரே பக்கத்தில் போய் நின்றால் கப்பல் 10 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. ஒரு ஆள் 75 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நெருக்கி நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். நிற்பவரின் எடை தளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலும், உட்கார்ந்தவரின் எடை இருக்கைக்கு மேலே 30 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அதையே எங்கள் படகுக்கும் வைத்துக்கொண்டோம். 60 பேர், நாலரை டன். ஒல்லிப் படகில் அவர்கள் முக்கால் மீட்டர் நகர்ந்தாலே 24 டிகிரி வந்தது. அந்தச் சாய்வில் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். அதற்குமேல் கணக்கு தேவையில்லை. அகலப் படகில் நகர இடம் அதிகம், ஒரு மீட்டர் நகர்ந்தார்கள். 7 டிகிரி.

வகுப்பில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு மாணவன் கேட்டான், "சார், அறுபது பேரும் எதுக்கு ஒரே பக்கம் போகப் போறாங்க?"

படகு வடிவமைப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான் என்றுகூடத் தோன்றுகிறது.

சரக்கு நகராது. கட்டிவைத்தால் கட்டிவைத்த இடத்தில் கிடக்கும். தொட்டியில் பாதி நிரம்பிய எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. கப்பல் சாய்ந்த பக்கமே அதுவும் ஓடிப் போய்ச் சாய்வைக் கூட்டும். அதனால்தான் தொட்டிக்குள் நெடுக்குத் தடுப்புச் சுவர் வைக்கிறார்கள். மாணவர்களுக்கு இது மனப்பாடம். மனிதர்களும் அதே வகைச் சுமை என்பது மட்டும் உறைப்பதில்லை. எண்ணெயைவிட மோசம் என்றும் சொல்லலாம். எண்ணெய் கப்பல் சாய்ந்த பிறகுதான் நகரும். மனிதர்கள் படகு நேராக நிற்கும்போதே எழுந்து போவார்கள். கரையில் யாரோ கூப்பிடுவார்கள். சாரல் ஒரு பக்கம் அடிக்கும், எல்லாரும் மறுபக்கம் ஒதுங்குவார்கள். ஒரு பிள்ளை மீனைக் காட்டும்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்தது. முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர்ப்பரப்பு. கண்ணாடியிழையால் செய்த இரண்டு தட்டுப் படகு. ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கரையில் விலங்குகள் தென்பட்டதும் மேல்தட்டில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக ஒரு பக்கம் குவிந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அப்போது நடந்த பேச்சில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. பயணிகளின் ஒழுங்கீனம்தான் காரணம் என்ற தொனியில் வந்தது. எனக்கு அது அன்றும் சம்மதமில்லை, இன்றும் இல்லை. விலங்கு காட்டுவதற்கென்றே சீட்டுக் கொடுத்து ஆளேற்றிப் போகும் படகு அது. அதில் உட்கார்ந்தவர் யானையைக் கண்டால் எழுந்து அந்தப் பக்கம் போவார் என்பது எதிர்பாராத சம்பவமா? அந்தப் படகு செய்யவேண்டிய வேலையே அதுதான். யானை வந்தால் கவிழும் படகு, யானை பார்க்கும் படகாக வடிவமைக்கப்படவில்லை என்று பொருள்.

இரண்டாவது தட்டு என்ன செய்யும் என்பதை எங்கள் படகை வைத்தே பார்த்தோம். 20 பேரை 2.2 மீட்டர் மேலே ஏற்றி உட்கார வைத்தால் மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் 22 சென்டிமீட்டர் உயர்கிறது. தட்டு, தூண், படிக்கட்டு, கைப்பிடி ஆகியவற்றின் எடை இதில் சேரவில்லை. அரை மீட்டரே கையிருப்பாக உள்ள ஒல்லிப் படகில் இது ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். மேலே காற்று நன்றாக வரும், படம் எடுக்க வசதி, சீட்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். எல்லாம் உண்மை.

யானை தினமும் வருவதில்லை. படகுத்துறை தினமும் வருகிறது. ஜெட்டி கண்ணில் பட்டதுமே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். முதலில் இறங்கினால் பேருந்தைப் பிடிக்கலாம். படகைக் கட்டும் ஊழியரான லாஸ்கர் கயிற்றோடு முனையில் நிற்பார், படகை ஓட்டும் சிராங்கு வேகத்தைக் குறைப்பார், அதற்குள் கூட்டம் முழுவதும் ஜெட்டிப் பக்கம் ஒட்டி நிற்கும். விதி சொல்லும் மிக மோசமான நிலை, ஒவ்வொரு துறையிலும் ஒரு நாளைக்குப் பல முறை, யாரும் விபத்து என்று நினைக்காமலே அரங்கேறுகிறது. துறையில் கட்டிப் போட்டிருக்கும் படகுக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் 1915 ஜூலை 24ஆம் தேதியைப் பார்க்க வேண்டும். சிகாகோ ஆற்றில் 'ஈஸ்ட்லேண்ட்' என்ற பயணிகள் கப்பல், ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களையும் குடும்பங்களையும் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றிக்கொண்டு, துறையைவிட்டு நகர்வதற்குள்ளேயே பக்கவாட்டில் புரண்டது. தண்ணீரின் ஆழம் 6 மீட்டர்தான். 844 பேர் இறந்தார்கள். முன்பே தள்ளாடுகிற கப்பல் அது. டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு பாதுகாப்புக்காக என்று மேலே கூடுதல் உயிர்காப்புப் படகுகளை ஏற்றியிருந்தார்கள். அந்த எடை அதை இன்னும் தலைகனக்கச் செய்தது. நல்ல எண்ணத்தில் ஏற்றிய எடைக்கும் ஈர்ப்பு விசை சலுகை தருவதில்லை.

ஆகவே இருக்கையும் நடைபாதையும் ஓவியர் வேலை அல்ல என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. நடுவில் அகலமான வெட்டவெளி, சுவரோரமாக நீள இருக்கை என்று வரைந்தால் பார்க்க விசாலமாக இருக்கும். கூட்டம் ஓடுவதற்கும் விசாலமாக இருக்கும். குறுக்கே வரிசையாக இருக்கைகளைப் பொருத்தி நடைபாதையைக் குறுக்கினால் அவை எண்ணெய்த் தொட்டியின் தடுப்புச் சுவர் வேலையைச் செய்யும். ஆனால் படகு கவிழ்ந்துவிட்டால் அதே இருக்கைகள் வெளியேறுபவர்களைத் தடுக்கும். மூடிய கண்ணாடிச் சன்னல் மழையைத் தடுக்கும். உள்ளே மாட்டியவரையும் தடுக்கும். உயிர்காப்பு அங்கியைக் கூரைக்கடியில் செருகினால் கவிழ்ந்த படகில் அது தண்ணீருக்குள் கீழே கிடக்கும். ஒன்றுக்குச் சரியென்பது இன்னொன்றுக்குத் தவறாகிற இந்த இழுபறியில்தான் மாணவர்கள் உண்மையான பொறியாளர்களாக ஆரம்பித்தார்கள். வடிவமைப்பு ஒரு சுருள்வட்டம், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் மறுபடி தொட்டு உள்நோக்கி வர வேண்டும் என்று 1959இல் ஹார்வி எவன்ஸ் என்பவர் வரைந்து காட்டிய படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்தச் சுருளில் எல்லாம் மாறும். பயணிகள் எண்ணிக்கை மட்டும் ஏன் மாறக் கூடாது?

ஒரு காலையில் நிஜப் படகு ஒன்றில் சாய்வுச் சோதனை செய்தோம். காற்று எழுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம். கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் படகுக்குப் பதில் கயிறு பதில் சொல்லும். கூரையிலிருந்து ஒன்றரை மீட்டர் நூலில் ஒரு ஈயக்குண்டு. அது ஆடாமல் நிற்க அடியில் ஒரு வாளி எண்ணெய். நூலுக்குப் பின்னால் ஒரு அளவுகோல். எடை போட்ட மணல் மூட்டைகளை நடுவிலிருந்து ஒரு மீட்டர் நகர்த்த வேண்டும், நூல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 5 டன் படகில் 300 கிலோவை நகர்த்தி நூல் 9 சென்டிமீட்டர் போனால் ஜிஎம் ஒரு மீட்டர். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். மூட்டைகளை முடித்ததும் மாணவர்களையே எடையாக்கினோம். எடை இயந்திரத்தில் ஏறியதும் ஆளாளுக்கு அது தவறு என்றார்கள். பிறகு எல்லாரும் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். முதலில் சிரிப்பும் கூச்சலும். படகின் விளிம்பு தண்ணீரைப் பார்க்க இறங்கியதும், யாரும் சொல்லாமலே, பின்வரிசையில் இருந்தவர்கள் மறுபக்கம் கால் மாற்றினார்கள். "யாரும் அசையாதீங்க, அளவு எடுக்கணும்" என்று நூலருகே இருந்த மாணவி கத்தினாள். அசையாமல் நிற்க அவர்களால் முடியவில்லை. அச்சத்தில் கூட்டம் எப்படி நகரும் என்று எந்த விதிநூலும் எழுதாத ஒன்றை அன்று பார்த்தார்கள். மறுபக்கம் ஓடி வரும் கூட்டம் படகை நிமிர்த்துவதோடு நிற்பதில்லை. அந்தப் பக்கம் அதைவிட அதிகமாகச் சாய்த்துவிடக்கூடும்.

75 கிலோ என்பதும் அந்தக் காலையில்தான் விவாதத்துக்கு வந்தது. மாணவர்களின் சராசரி அதற்குக் கீழேதான். ஆனால் குட்டநாட்டுப் படகில் ஆள் மட்டுமா ஏறுகிறார்? மீன் கூடை, அரிசிப் பை, மழையில் ஊறிய துணி, இடுப்பில் ஒரு குழந்தை. 2005 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் 'ஈதன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 முதியவர்கள் இறந்தார்கள். படகில் அனுமதிக்கப்பட்டதைவிட ஒருவர்கூட அதிகமில்லை. அனுமதிதான் தவறு. சராசரி ஆள் 140 பவுண்டு, அதாவது சுமார் 63.5 கிலோ, என்று பழைய கணக்கில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதற்குள் அமெரிக்கர்கள் பருத்துவிட்டார்கள். கூரையையும் மாற்றிக் கட்டிப் படகே கனத்துவிட்டது. சுமார் 50 பேருக்குச் சான்று பெற்ற அந்தப் படகில் 14 பேர்தான் ஏறியிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவாகச் சொன்னது. அதன்பின் அந்த நாட்டுக் கடலோரக் காவல்படை சராசரி எடையை 185 பவுண்டாக உயர்த்தியது. சான்றிதழில் எண்ணை எழுதியபின் மக்கள் மாறுகிறார்கள், படகு மாறுகிறது. எண் அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்தில் கதை வேறு விதம். இங்கே எண் எழுதப்பட்ட அன்றே மீறப்படுகிறது. 2023 மே 7 மாலை, மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் பூரப்புழை கடலில் சேரும் இடத்தில் 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றி இரண்டு தட்டாக்கியது; ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு ஓடியது. வடிவமைப்பு என்ற ஒன்றே நடக்காத படகு. இதற்கு வகுப்பறையில் பதில் தேட வேண்டியதில்லை, சட்டத்தில்தான் தேட வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு நூறாண்டு ஓட்டிவிட்டு 2021இல்தான் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

வகுப்பறைக்குப் பாடமாவது 2002 ஜூலை 27, குமரகம். முகம்மாவிலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வந்த அரசுப் படகு விடியற்காலையில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அன்று அரசு வேலைக்கான தேர்வு. தேர்வு எழுதப் போனவர்கள் கூட்டமாக ஏறியிருந்தார்கள். இந்தப் படகை விட்டால் தேர்வு போய்விடும் என்பவரிடம் போய், எண்ணிக்கை நிறைந்துவிட்டது இறங்கு என்று எந்த லாஸ்கர் சொல்ல முடியும்? சொன்னால்தான் யார் கேட்பார்கள்? மீறலைப் பேராசை என்று வைவது எளிது. பெரும்பாலும் அது அடுத்த படகு எப்போது என்ற கேள்விக்கான பதில். அரை மணியில் இன்னொன்று வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் நிற்பார்கள். இரண்டு மணி நேரம் என்றால் கூரையிலும் ஏறுவார்கள்.

இதை நான் சொல்லித்தரவில்லை. ஒரு குழு தானாகவே எடுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தாளில் கொடுத்த தேவையை ஏற்க மறுத்திருந்தார்கள்: இந்தத் தடத்தில் 60 பேருக்கு ஒரு படகு வேண்டாம், 32 பேருக்கு இரண்டு படகுகள் வேண்டும், இரண்டும் மாறி மாறி ஓட வேண்டும். ஒற்றைத் தட்டு, மேலே யாரும் ஏற முடியாதபடி சரிந்த கூரை. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நெரிசல் என்பதால் மூன்றாவது ஒன்றைத் துறையில் காத்திருக்கச் சொன்னார்கள். செலவுக் கணக்கில் தோற்றார்கள். இரண்டு எஞ்சின், இரண்டு சிராங்கு, இரண்டு சம்பளம். மதிப்பெண் படிவத்தில் 'தேவையை நிறைவு செய்தல்' என்றொரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம் போட வேண்டும் என்றார் உடனிருந்த தேர்வாளர். விதிப்படி அவர் சொன்னது சரி. நான் படித்த மாணவர் அறிக்கைகளில் அதுவே ஆகச் சிறந்தது என்பதும் சரி.

செலவழிக்க மனமிருந்தால் வேறு வழிகளும் உண்டு என்பதற்கு அதே வேம்பநாட்டுக் காயலில் சான்று இருக்கிறது. பெரியாரைச் சிறைக்கு அனுப்பிய வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' ஓடுகிறது. சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்த சந்தித் தண்டாசேரியின் நிறுவனம் கட்டியது, இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு, 75 பேர். எல்லாரும் அதன் சூரியத் தகடுகளைப் பேசுகிறார்கள். நான் மாணவர்களைப் பார்க்கச் சொல்வது அதன் 7 மீட்டர் அகலத்தை. இரண்டு ஒல்லியான உடல்களை அகலப் பிரித்து வைத்து மேலே ஒரே தளம் போட்டிருக்கிறார்கள். தண்ணீரைக் கிழிக்க ஒல்லி, நிமிர்ந்து நிற்க அகலம். எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதற்கு அங்கே ஒரே படகில் விடை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் இன்னொரு படி போனார்கள். மிதக்கும் துறை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குகிறது, படகின் தளமும் துறையும் ஒரே மட்டம். 100 பேருக்கான படகுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதை வாயிலிலேயே எண்ணிவிடுகிறார்கள். எண்ணைக் காக்கும் பொறுப்பு லாஸ்கரின் தொண்டையிலிருந்து ஒரு கதவுக்கு மாறிவிட்டது. படகைவிட அந்தக் கதவு நல்ல வடிவமைப்பு என்பேன்.

எல்லாத் துறைக்கும் அப்படிக் கதவு போட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கிற படகுகள் ஓடத்தான் போகின்றன. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியில் 22 பேர் மூழ்கிப் போனார்கள். அதற்குப் பிறகும் நம் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் ஆளேற்றும் படகுகளில் பலவற்றுக்கு எத்தனை பேர் என்பது உரிமையாளரின் கண்ணளவுதான். கடலோரத்திலும் ஏரியோரத்திலும் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இயந்திரவியல் படிக்கும் எந்த மாணவராலும் சாய்வுச் சோதனை செய்ய முடியும். அரசின் சர்வேயர் தரும் சான்றிதழுக்கு அது மாற்றாகாது. ஆனால் படகுக்காரரின் கையில் ஒரு நேர்மையான எண்ணைக் கொடுக்கும், அவர் அதுவரை ஏற்றிவந்தது அதைவிட எவ்வளவு அதிகம் என்பதையும் காட்டும். ஆசிரியர்களே, இல்லாத படகை வரையச் சொல்லி ஒரு பருவத்தைச் செலவழிப்பதில் பாதியையாவது உங்கள் ஊர்த் துறையில் இருக்கும் படகுக்குக் கொடுங்கள். படகுக்காரரிடம் ஒரு காலை நேரத்துக்குப் படகைக் கேளுங்கள். நூல், ஈயக்குண்டு, ஒரு வாளி எண்ணெய், எடை போட்ட மணல் மூட்டைகள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.